தவமணி கழற்றிக் கொடுத்த விதை

அந்தக் காலத்தில் மரத்துக்கும் மாட்டுக்கும் வாய் இருந்தது என்று சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். உடம்புக்குள் இருக்கிற ஈரலுக்கும் எலும்புக்கும்கூட வாய் இருந்தது என்றால் மட்டும் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் இருந்தது. இருந்ததோடு நிற்கவில்லை, ஓயாமல் பேசிக்கொண்டும் கிடந்தார்கள். அந்தப் பேச்சுக்கு ஒரே ஒரு தடைதான். இதயம் இருக்கிறதே, அவனுக்கு அங்கே துடியன் என்று பெயர். துடியன் அடிக்கிற அடியின் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே கிடைக்கிற சின்ன அமைதியில்தான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்க வேண்டும். அதனால் அங்கே யாரும் சுற்றி வளைத்துப் பேசுவதில்லை. வெளியே இருக்கிற நமக்குத்தான் அந்தப் பழக்கம்.

அந்தக் காலத்தில் அரியநாச்சி என்று ஒரு பெண் இருந்தாள். அவளுடைய இடுப்பெலும்புக்குள் இருளாயி என்று ஒருத்தி குடியிருந்தாள். எலும்புக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே மெத்தென்று மஜ்ஜை நிறைந்திருக்கும்; வெளிச்சம் மட்டும் எட்டிப் பார்க்காது. இருளாயிக்கு அந்த இருட்டு பழகிப்போயிருந்தது. அவளுடைய வேலை ரத்தத்துக்குப் பிள்ளை வளர்ப்பது. பெறுவது மஜ்ஜையின் பாடு; பிறந்த பிள்ளைகள் இருளாயியைச் சுற்றி வட்டமாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அவள் நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொன்றின் வாயிலும் இரும்புத் துகளை ஊட்டி ஊட்டி ஆளாக்குவாள். வயிறு நிறைந்தவை போக, பசித்தவை வந்து உட்காரும். ஒரு நாளாவது அந்த வட்டம் காலியாக இருந்ததில்லை.

ஒவ்வொரு பிள்ளையின் வயிற்றிலும் ஒரு விதை இருக்கும். கடுகளவு விதை இல்லை, வயிற்றில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு கிடக்கிற விதை. அந்தப் பிள்ளை யார், எப்படி வாழ வேண்டும், மேலே கீறல் விழுந்தால் எப்படித் தைத்துக்கொள்ள வேண்டும், தன்னைப் போல இன்னொன்றை எப்படிப் பெற வேண்டும், எல்லாம் அதற்குள்தான் இருந்தது. விதை இருக்கிறவரை சாவு கிட்டே வராது. அதனால் வளர்ந்த பிள்ளை எலும்பை விட்டு ரத்த ஆற்றில் இறங்குகிற நாளில், இருளாயி அதன் வயிற்றைத் தடவிக் கொடுத்து, "வெதை பத்திரம், போயிட்டு வா" என்று சொல்லித்தான் அனுப்புவாள். அந்த வார்த்தை இல்லாமல் ஒரு பிள்ளையும் வாசலைத் தாண்டியதில்லை.

ஆற்றில் இறங்கியவர்களுக்கு ஒரே வேலை. நுரையீரலுக்குப் போய் மூச்சை வாங்கி, உச்சந்தலையிலிருந்து கால் சுண்டுவிரல் வரை கொண்டுபோய்க் கொடுப்பது. விதை அடைத்தது போக மிச்சம் இருக்கிற இண்டு இடுக்கில் கொஞ்சம் மூச்சைத் திணித்துக்கொண்டு போவார்கள். ரத்தமும் அப்போது இவ்வளவு சிவப்பு இல்லை, வெளுத்துப்போன மாதுளம்பூ நிறம். ஆள் ஏராளமாக இருந்ததால் எல்லாம் ஒப்பேறிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் மாசி மாதத்தில், ஒரு மத்தியான வேளையில், அரியநாச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. வந்ததும் வராததுமாக வீடே அதிரும்படி அழுதது. தாய்க்குத்தான் ரத்தம் நிற்கவில்லை. மருத்துவச்சி அவள் அடிவயிற்றைப் பிசைந்து பிசைந்து ஒருவழியாக நிறுத்தினாள். அதற்குள் ஆற்றில் இருந்தவர்களில் பாதிப் பேர் வெளியே போய்விட்டார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

உள்ளே முதலில் கத்தியது இடத்தான். முதுகுப் பக்கம் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றனவே, இடத்தான், வலத்தான் என்று இரட்டைப் பிறவிகள். வலத்தான் வாயில்லாப் பூச்சி. அவனுக்கும் சேர்த்து இடத்தான் பேசிவிடுவான். ஊர் அழுக்கை வடிகட்டுகிறவர்கள் என்பதால் ரத்தம் அவர்கள் வாசலை மிதிக்காமல் போக முடியாது. மூச்சுக் குறைந்தால் முதலில் உறைப்பதும் அவர்களுக்குத்தான்.

"ஏ அக்கா! இருளாயி அக்கா! மூச்சு வரல!" என்று எலும்புப் பக்கம் பார்த்துக் கத்தினான்.

"வருது, வருது! பிள்ளைகள அனுப்புறேன்!" என்று இருளாயி பதில் கொடுத்தாள்.

இருந்த கொஞ்சம் ரத்தத்தையே சுழற்றிச் சுழற்றி அனுப்ப வேண்டியிருந்ததால் துடியன் வேக வேகமாக அடிக்க ஆரம்பித்தான். பேசக் கிடைத்த இடைவெளியும் சுருங்கிப்போனது. ஒரு வாக்கியம் பேசுகிற இடத்தில் இரண்டு சொல்தான் பேச முடிந்தது. இருளாயிக்கு அது போதும். மூச்சு வேண்டுமென்றால் ஆள் வேண்டும், ஆள் வேண்டுமென்றால் பிள்ளை வளர்க்க வேண்டும். அதற்கு மேல் யோசிக்க அவளுக்கு நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. பாதி வளர்ந்ததையும் வயிற்றைத் தடவி "வெதை பத்திரம்" என்று இறக்கிவிட்டாள். அடுத்ததை உட்கார வைத்தாள். ஊட்டுகிற கை ஓயவில்லை.

அந்த அவசரத்தில் இறங்கியவர்களில் ஒருத்தி தவமணி. ஒரு வாய் இரும்புத் துகளை மூன்று முறை மென்று, நடுவில் நாலு கேள்வி கேட்கிற ரகம். "ஆத்தா, மூச்சு எப்பிடி இருக்கும்? கனக்குமா? கையில ஒட்டுமா?" என்று நச்சரிப்பாள். இருளாயி அவளைத் திட்டாத நாள் கிடையாது, அவள் வாயில் கூடுதலாக ஒரு துகள் வைக்காத நாளும் கிடையாது. அவளையும் அனுப்பிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தபோது, வட்டத்தில் ஓர் இடம் பொக்கென்று கிடப்பதாக இருளாயிக்குத் தோன்றியது. உடனே அங்கேயும் ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் வெளியே குழந்தை வீறிட்டு அழுதது. அரியநாச்சி பாலூட்ட எழுந்து உட்காரப் பார்த்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் புருஷன் சோணைமுத்து ஓடிவந்து தோளைத் தாங்கிப் பிடித்துப் படுக்க வைத்தான். "எந்திரிக்காத, எந்திரிக்காத" என்று அவன் சொல்வது எலும்பு வரைக்கும் கேட்டது. மார்பில் பால் கட்டவே இல்லை. பால் சுரப்பதற்கும் மூச்சு வேண்டுமே. குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரில் துணியை நனைத்து வாயில் வைத்தார்கள். அது இரண்டு முறை சப்பிவிட்டு, ஏமாந்தது தெரிந்து, முன்னைவிடச் சத்தமாக அழுதது.

"அக்கா!" என்று இடத்தான் கத்தினான். "ஆள் வருது! மூச்சு வரல!"

"என்ன சொல்ற?"

"வெறும் வயித்தோட!"

அடி.

"வந்து நிக்குதுக!"

அடி.

"உன் பிள்ளைக!"

இருளாயிக்குச் சுரீர் என்றது. கண் மூடாமல் வளர்த்து அனுப்பியவளிடம் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? "வாய அளந்து பேசு!" என்று சீறினாள். "மூணு நாளா இடுப்பொடிய ஆளா இறக்கிக்கிட்டிருக்கேன். எண்ணிப் பாரு!"

"தலைய எண்ணி நான் என்ன பண்ண? எனக்கு மூச்சுதான் வேணும்!"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் கோபத்தில் இருப்பவர்களுக்கு நியாயம் காதில் விழாது. இருளாயி வீம்புக்கு இன்னும் கொஞ்சம் பேரை இறக்கிவிட்டாள்.

அப்போதுதான் யாரோ வாசலை முட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். எலும்பை விட்டு இறங்கின பிள்ளை திரும்பி வந்ததாக அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. இருளாயி பதறிப்போய்ப் பார்த்தாள். தவமணி நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை என்று சொல்ல வேண்டும். அவளே ரத்தம் என்பதால் வேறு மாதிரிதான் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளுத்துப்போயிருந்தாள்.

"என்னடி? வெதைக்கு எதும் ஆயிருச்சா?"

"வெதைக்கு ஒண்ணும் ஆகல ஆத்தா. நான்தான் திருடி."

"என்னத்தத் திருடுன?"

"மூச்ச. நுரையீரல்ல வாங்குறப்ப ரெண்டு கை இருந்துச்சு. முதுகுப் பக்கம் போறதுக்குள்ள ஒண்ணாக் கொறஞ்சிருச்சு. யாரு எடுத்தானு பாத்தா, நானேதான் தின்னுருக்கேன். இடத்தான் மாமா கை நீட்டுறப்ப குடுக்க ஒண்ணுமில்ல. வெதைக்குப் பசிக்குது ஆத்தா. அது கேட்டுக்கிட்டே இருக்கு, நானும் குடுத்துக்கிட்டே போறேன்."

தவமணி விடவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு. உச்சந்தலைக்குப் போற சந்து இருக்குல்ல, மயிரிழை மாதிரி? அதுக்குள்ள நொழைய முடியல. வெதை இடிக்குது. முன்னால போனவ மாட்டிக்கிட்டா. பின்னால நாங்க நாப்பது பேரு நிக்குறோம். நீ அனுப்ப அனுப்ப இன்னும் வந்து நெரிக்குறாக. அந்தச் சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு துளி மூச்சு போகல. அதான் பிள்ள பெத்தவுகளுக்குக் கண்ணு இருட்டுது."

இருளாயி வளர்த்த பிள்ளைகள்தான், அவள் அனுப்பிய கூட்டம்தான் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. இடத்தானோடு வீம்புக்கு நின்று இறக்கிவிட்டது எத்தனை பேர் என்று இப்போது அவளே எண்ணிப் பார்த்தாள்.

"இப்ப என்னடி செய்யுறது?" என்றாள். அவள் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

"எடுத்துரு ஆத்தா."

"என்னத்த?"

"வெதைய."

இருளாயி கையை ஓங்கிவிட்டாள். ஓங்கின கை அப்படியே நின்றது. தவமணி நகரவில்லை.

"கிறுக்கச்சி! அது இல்லாட்டி நீ யாரு? ஒரு பிள்ள பெக்க முடியாது. கிழிஞ்சா தச்சுக்க முடியாது. தேஞ்சு தேஞ்சு ஒருநாள் விழுந்துருவ. வெளங்குதா?"

"எம்புட்டு நாள்ல?"

"எனக்கென்னடி தெரியும்? யாரு எடுத்துப் பாத்தா? நூறு நாளோ, அதுக்கு மேல ஒரு இருவதோ."

"நூறு நாளு நெறையா ஆத்தா. எம்புட்டுச் சுத்துச் சுத்தலாம்! அந்தப் பிள்ளைக்குப் பாலு இன்னைக்குல்ல வேணும்?"

"முடியாது," என்றாள் இருளாயி. "வளத்தவ கையாலயே உன்னக் கொல்லச் சொல்றியா? முடியாது. வேற வழி பாப்போம்." வேறு வழி எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் பொய்யாவது சொல்லத்தான் வேண்டியிருந்தது.

அப்போது ஒரு காரியம் நடந்தது. துடியன் பேசி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. அவன் பேச வேண்டுமானால் அடிப்பதை நிறுத்த வேண்டும், அவன் நிறுத்தினால் ஊரே நின்றுவிடும். பிறந்ததிலிருந்து வாயை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டே இருந்தவன், அன்றைக்கு ஓர் அடியை விட்டுவிட்டுப் பேசினான்.

"முடியல தங்கச்சி."

அவ்வளவுதான். மறுபடி அடிக்கத் தொடங்கிவிட்டான். அந்த ஓர் அடி தவறியதில் அரியநாச்சி உடம்பு தூக்கிப் போட்டது. வெளியே சோணைமுத்து "ஏ, என்ன பண்ணுது? என்ன பண்ணுது?" என்று அலறியது எலும்புக்குள் நன்றாகக் கேட்டது.

தவமணி அதற்கு மேல் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, முக்கி, தன் வயிற்றில் கிடந்த விதையை ஒரு ஓரமாகத் தள்ளத் தொடங்கினாள். விதை நகர்ந்தது. ஓரத்துக்கு வந்தது. தோலைப் புடைத்துக்கொண்டு பாதி வெளியே வந்தது. அங்கே மாட்டிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. தவமணிக்கு வலியில் குரலே எழும்பவில்லை. "ஆத்தா" என்று மட்டும் சொன்னாள்.

இருளாயி ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். விதையின் மேல் கையை வைத்தாள். ஓர் அமுக்கு அமுக்கினால் உள்ளே போய்விடும். பிள்ளை பிழைத்துக்கொள்ளும், இன்னும் எத்தனையோ வருஷம் தன்னைத் தானே தைத்துக்கொண்டு ஆற்றில் சுற்றிக்கொண்டிருப்பாள். அந்த ஆறு ஓடினால்தானே. இருளாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெளியே குழந்தை அழுவதும் அவளுக்குள் அழுவதும் ஒன்றாகக் கலந்துபோனது. பல்லைக் கடித்துக்கொண்டு விதையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

விதை கையோடு வந்துவிட்டது. சூடாக இருந்தது. கீழே போட மனம் வரவில்லை. வைத்துக்கொள்ள அந்த எலும்புக்குள் ஓர் இடமும் இல்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே வாயில் போட்டு விழுங்கிவிட்டாள். "எனக்குள்ளயே கெடக்கட்டும்" என்றாள்.

விதை இருந்த இடம் பள்ளமாகிப்போய், தவமணி இரண்டு பக்கமும் விரலால் அமுக்கின வடைமாவு மாதிரி ஆகிவிட்டாள். இருளாயி அவளுக்கு இரும்பை ஊட்டினாள். இப்போது இடைஞ்சல் இல்லை; ஊட்ட ஊட்ட உள்ளே போனது. வெளுத்த மாதுளம்பூ நிறம் போய், பழுத்த கோவைப்பழமாகத் தவமணி சிவந்தாள். வளைந்து பார்த்தாள், வளைய முடிந்தது. நெளிந்து பார்த்தாள், நெளிய முடிந்தது. "ஆத்தா, கனமே இல்ல!" என்று சிரித்தாள்.

வாசலில் இருளாயி வழக்கம்போல் அவள் வயிற்றைத் தடவினாள். பள்ளம் கையில் தட்டுப்பட்டது. "வெதை..." என்று வாய் தொடங்கி, நின்றுபோனது.

"போயிட்டு வாடி" என்றாள்.

தவமணி நுரையீரலுக்குப் போய் மூச்சை வாங்கினாள். முன்பு இரண்டு கை வாங்கியவளுக்கு இப்போது வாங்க வாங்க இடம் இருந்தது. வழியில் பசி எடுக்கவில்லை. உச்சந்தலைச் சந்தில் நாற்பது பேர் நெரிந்துகொண்டு நின்ற இடத்துக்குப் போய், பாயைச் சுருட்டுவது போல உடம்பைச் சுருட்டிக்கொண்டு, அவர்களுக்கு நடுவிலேயே நழுவி அந்தப் பக்கம் போய்விட்டாள். கொண்டுபோனதையெல்லாம் ஒரு பொட்டு மிச்சம் வைக்காமல் கொடுத்தாள். வெளியே அரியநாச்சி கண்ணைத் திறந்து, "பிள்ளைய இங்கன போடுங்க" என்றாள்.

சந்தில் நின்றவர்கள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒவ்வொருத்தியாகப் பின்வாங்கி எலும்பு வாசலுக்கு வந்து நின்றார்கள். இருளாயி ஒவ்வொருத்தியிடமும் கேட்டாள். "உனக்குச் சம்மதமாடி? பெறகு கேட்டாத் திருப்பித் தர முடியாது." சம்மதம் என்றவர்களின் விதையை வாங்கி விழுங்கினாள். மாட்டேன் என்றவர்களை அவள் ஒரு சொல் கடியவில்லை. "சரி, நீங்க காவலுக்குப் போங்க" என்று அனுப்பிவைத்தாள். வெள்ளை அணுக்கள் என்று இன்றைக்கும் விதையோடு காவல் சுற்றுகிறவர்கள் அவர்கள் வழியில் வந்தவர்கள்தான்.

சோணைமுத்து தன் பங்குக்கு முருங்கைக்கீரையை உருவி உருவி வேகவைத்தான். சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரலை வாங்கிவந்து தணலில் வாட்டுகிறேன் பேர்வழி என்று முதல் நாள் கரியாக்கினான், இரண்டாம் நாள் பச்சையாக விட்டான். மூன்றாம் நாள் பக்குவம் பிடிபட்டது. அதிலிருந்த இரும்பெல்லாம் எலும்புக்கு வந்து சேர்ந்தது. ஒன்பதாம் நாள் அரியநாச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மார்பு கனத்தது. குழந்தை வாய் வைத்தது, இந்த முறை அது ஏமாறவில்லை. அது மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. துடியன் அடி நிதானத்துக்கு வந்திருந்ததால், அந்த இடைவெளியில் எல்லாரும் அதை முழுதாகக் கேட்டார்கள். இடத்தான்கூட வாயை மூடிக்கொண்டிருந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாள் கழித்து, "போதும்க்கா" என்றான் இடத்தான். "இப்ப அளவா வருது. இதுக்கு மேல வேணாம்."

இருளாயி அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி பிடித்துக்கொண்டாள். "நல்லாக் கேட்டுக்க. என் இஷ்டத்துக்கு அனுப்பி ஊரை நெரிச்சது போதும். இனிமே நீ கேட்டாத்தான் அனுப்புவேன், போதும்னா நிறுத்திருவேன். ஆனா நீ கண்ணசரக் கூடாது. சாகப்போறது தெரிஞ்சே பிள்ளைக வாசலத் தாண்டுதுக. அதுகள ஒண்ணுகூட வீணா எறக்க மாட்டேன்."

"சரிக்கா" என்றான் இடத்தான். வலத்தானும் அதிசயமாக வாயைத் திறந்து, "சரிக்கா" என்றான்.

அவள் அத்தோடு விடவில்லை. விலா எலும்புக்கு அடியில் இருந்த மண்ணீரலைக் கூப்பிட்டாள். கறார்ப் பேர்வழி, அவளுடைய வீட்டு வாசல் ரொம்பக் குறுகல், வளையத் தெரியாதவர்கள் உள்ளே போய்த் திரும்ப முடியாது. "மதினி, என் பிள்ளைக தேஞ்சுபோச்சுன்னா நடுவழியில விழுந்து கெடக்கக் கூடாது. நீ பிடிச்சு மடியில போட்டுக்க. அதுக வயித்துல இருக்குற இரும்ப எனக்கு அனுப்பிரு. ஒரு துகள்கூட வெளிய போயிறக் கூடாது."

"அனுப்புறேன் இருளாயி" என்றாள் மண்ணீரல். அவள் ஒன்று சொன்னால் மாற மாட்டாள் என்று எல்லாருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு நல்ல நாட்கள்தான். தவமணி ஒவ்வொரு சுற்றிலும் எலும்பு வாசலைத் தாண்டும்போது "ஆத்தா!" என்று ஒரு குரல் கொடுப்பாள். நிற்க நேரம் இருக்காது. "இன்னைக்குத் துணி தொவைக்குறாக, கைக்கு ஓட்டமா ஓடுறேன்!" "பிள்ள கவுந்துருச்சாம் ஆத்தா!" என்று எதையாவது சொல்லிக்கொண்டே போய்விடுவாள். இருளாயி அந்தக் குரலை வைத்துத்தான் பொழுதைத் தெரிந்துகொண்டாள். குரல் நாளாக நாளாகக் கொஞ்சம் கரகரத்தது. இருளாயி அது தன் காதுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்ளத்தான் அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆனி மாதத்தில் ஒருநாள் அந்தக் குரல் வரவில்லை. அடுத்த சுற்றிலும் வரவில்லை. இருளாயி ஊட்டுகிற கையை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாள் எண்ணிப் பார்த்தாள். நூற்றிருபது.

"இருளாயி" என்று மண்ணீரல் கூப்பிட்டாள். கறார்ப் பேர்வழியின் குரல் அன்றைக்குக் கனிந்திருந்தது. "வந்துட்டாடி. வாசல்ல வளைய முடியல. மடியில போட்டுக்கிட்டேன். வலிக்கல, தூங்குற மாதிரிதான் போனா."

இருளாயி வாய்விட்டு அழுதாள். மறைக்கவில்லை, அடக்கவில்லை. துடியன் சத்தத்துக்கு மேல் அவள் அழுகை கேட்டது. வட்டத்தில் இருந்த பிள்ளைகள் மிரண்டுபோய்ப் பார்த்தன.

"கடைசியா எங்க மூச்சுக் கொண்டுபோனா தெரியுமா?" என்றாள் மண்ணீரல். "எடது கை. பிள்ளையத் தூக்குற கை."

அந்த நேரம் அரியநாச்சி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்மாய்க் கரை ஏறிக்கொண்டிருந்தாள். செங்குத்தான கரை. கீழே நின்ற சோணைமுத்து, "பையப் போ, மூச்சு வாங்கும்" என்று கத்தினான். அவள் திரும்பிப் பார்த்து, "எனக்கென்ன? நீ ஏறி வா பாப்போம்" என்று சிரித்தபடி மேலே போய்விட்டாள்.

சாயங்காலத்துக்குள் மண்ணீரல் அனுப்பிய இரும்பு வந்து சேர்ந்தது. ஒரு துகள்கூடக் குறையவில்லை. இருளாயி அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வட்டத்தில் புதிதாக வந்து ஒட்டியிருந்த ஒரு பொடிசின் வாயில் வைத்தாள். அது ஒரு வாயை மூன்று முறை மென்றது.

"ஆத்தா, இது யாருது?"

"உங்கக்காளோடது."

"அக்கா எங்க?"

இருளாயிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "உன் வாய்க்குள்ளதான்டி இருக்கா. மென்னு முழுங்கு, ஊருல வேல கெடக்கு" என்றாள்.

அன்றிலிருந்துதான் நம் ரத்தத்தின் சிவப்பு அணுக்களுக்குள் உட்கரு என்கிற அந்த விதை கிடையாது, ஆயுளும் நூற்றிருபது நாள்தான். சிறுநீரகம் கேட்கிறது, எலும்பு பெற்று அனுப்புகிறது, ஓய்ந்ததை மண்ணீரல் ஏந்திக்கொள்கிறது, இரும்பு மட்டும் சாகாமல் பிள்ளைக்குப் பிள்ளை கை மாறுகிறது. இந்தக் கதையை நீங்கள் படித்து முடிப்பதற்குள் உங்கள் எலும்புக்குள்ளிருந்தும் பல கோடிப் பிள்ளைகள் விதையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இறங்கியிருப்பார்கள். உங்களுக்கென்று சுமக்கிற மூச்சில், அவர்களில் ஒருத்திகூடத் தனக்கென்று ஒரு வாய் எடுத்துக்கொள்வதில்லை.